ஒரு தொட்டித் தண்ணீர்

பங்குனி பாதி கழிந்து, கிளுவை வேலி இலையனைத்தையும் உதிர்த்து வெறும் குச்சியாய் நின்று, கொழுக்கட்டைப் புல் நுனி முதல் அடி வரை காய்ந்து வெளுத்து, கிணற்றுத் தண்ணீரும் கடைசிப் படிக்குக் கீழே இறங்கிவிட்டதென்றால், கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறவர்களுக்குப் புதிய விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். மற்றக் காலங்களில் வேலியின் உள்ளேயும் வாய்க்கால் ஓரத்துப் புதரிலும் கண்ணில் படாமல் வாழும் ஜீவராசிகள், பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களில் தாகத்தின் பொருட்டு அச்சத்தைத் துறந்து மனிதன் வாசல் வரைக்கும் வந்துவிடுகின்றன. வாசலிலோ நாய் படுத்திருக்கிறது. திண்ணையில் பூனை கண்ணயர்ந்திருக்கிறது. கட்டுத்தறியில் மாடும் கன்றும் நிற்கின்றன. நாம் விரும்பி வளர்க்கும் பிராணிகளும் அழையாமலே வந்து சேரும் பிராணிகளும் ஒரே தொட்டித் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்தப் பருவத்தில், இரு தரப்புக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் தர்மம் என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்கு வேண்டிய உபாயங்களில் பெரும் செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. நாள் தவறாத கவனம் ஒன்றே போதும்.

எங்கள் தோட்டம் பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் இருக்கிறது. சுற்றிலும் கொறங்காடுகள். மானாவாரி மேய்ச்சல் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கிளுவை வேலி அடைத்து, இடையிடையே வெள்வேல மரங்களை நிழலுக்கும் நெற்றுக்குமாக விட்டு, ஒரு பகுதியில் புல் தீர்ந்ததும் அடுத்த பகுதிக்கு மாட்டை மாற்றுகிற இந்த ஏற்பாட்டின் மீதுதான் காங்கேயம் காளையின் கீர்த்தி முழுவதும் நிற்கிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் அந்த இனத்தைப் போற்றி வளர்த்த வரலாறு இப்பக்கத்தில் எல்லோரும் அறிந்ததே. ஆனால் மாட்டை அடக்குவதற்கென்று நட்ட வேலி எத்தனை உயிர்களுக்கு வீடாக இருக்கிறது என்பதைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட நின்று பார்ப்பதில்லை. கிளுவையின் அடியில் கௌதாரி குஞ்சுகளோடு ஒண்டியிருக்கும். முயல் பகல் முழுவதும் அசையாமல் படுத்திருக்கும். கீரியும் உடும்பும் சாரையும் தத்தமக்கு ஒரு சந்தை அமைத்துக்கொண்டு போக்குவரத்து நடத்தும். வேலியின் மேல் படர்ந்த கோவைக்கொடியின் சிவந்த பழத்துக்காகக் கொண்டைக்குருவிகள் வரும். கொடிப் பின்னலுக்குள் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு பூச்சிக்குக் காத்திருக்கும். இப்போது வேலியை வேரோடு பறித்துவிட்டுக் கம்பி வேலியும் சுற்றுச்சுவரும் போடுகிறார்கள். நிலத்தின் எல்லையைக் காட்டுவதற்கு அவை போதும். கோடையில் ஓர் உயிர் ஒதுங்குவதற்கு அவற்றில் இடமில்லை. கிளுவைப் போத்தை வெட்டி மழைக்கு முன் ஊன்றிவிட்டால் அதுவே வேர்விட்டு வேலியாகிவிடுகிறது என்பதையும், அதற்கு ஆகும் செலவு கம்பிக்கு ஆகும் செலவோடு ஒப்பிடத் தக்கதே அன்று என்பதையும் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் நான் ஓயாமல் சொல்லி வருகிறேன்.

வேலிக்கு அடுத்தது தண்ணீர். மாட்டுத் தாழி ஆழமானது. செங்குத்தான பக்கங்கள் உடையது. அதில் குடிக்க இறங்கிய அணிலோ ஓணானோ வழுக்கி விழுந்தால் ஏறி வர வழியில்லை. ஆகவே தாழிக்குள் கரடுமுரடான ஒரு மரக்கட்டையைச் சாய்த்து, ஒரு முனை தண்ணீரிலும் மறுமுனை விளிம்பிலும் இருக்கும்படி வைத்துவிட வேண்டும். தேனீக்களும் அந்தக் கட்டையின் ஈரத்தில் அமர்ந்து குடித்துவிட்டுப் போகும். பறவைகளுக்கோ தாழி உதவாது. அவற்றுக்கு அகன்ற மண் தட்டு வேண்டும். இரண்டு விரற்கடைக்கு மேல் ஆழம் கூடாது. நடுவில் ஒரு கல் இருக்க வேண்டும். வைக்கும் இடமும் முக்கியம்: செடியின் அடியில் வைத்தால் பூனை பதுங்குவதற்கு நாமே மறைவு தேடிக் கொடுத்தவர்கள் ஆவோம். சுற்றிலும் ஆறேழு அடிக்கு வெறுந்தரையாகவும், மேலே பறந்து ஏறி அமரத் தாழ்ந்த கிளை ஒன்று உள்ளதாகவும் பார்த்து, வேப்பமரத்தின் அரை நிழலில் வைப்பது உத்தமம். தினந்தோறும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டித் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும். ஒரு வாரம் அப்படியே விட்டால் கொசுவுக்கு அது பிறந்த வீடாகிவிடும். நாய்க்கு வைக்கும் தண்ணீரைத் தனியே, உயரமான இடத்தில் வையுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் நாய்க்கும் மனிதருக்கும் எலிக்காய்ச்சல் வரும்.

அந்தத் தட்டுக்கு வருவோரிடத்தில் ஒரு முறை இருக்கிறது. பொழுது புலரும் வேளையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக, ஓயாத சளசளப்புடன் இறங்கி, குடித்து, குளித்து, தட்டிலுள்ள தண்ணீரில் பாதியைத் தரைக்கு இறைத்துவிட்டுப் போகும். பின்னர் மைனா, அதன் பிறகு அணில். வெயில் ஏறியதும் செம்பூத்து தனியாக, சுற்றுமுற்றும் பார்த்து நடந்து வரும். தவிட்டுக்குருவிகளின் சளசளப்பு திடீரென்று வேறு சுருதிக்கு மாறி, எல்லாம் ஒரே புதரைப் பார்த்து ஒரே குரலாகக் கத்தத் தொடங்கினால், அங்கே பாம்போ பூனையோ இருக்கிறது என்று கொள்ளலாம். தோட்டத்தில் இதைக் காட்டிலும் நம்பிக்கையான காவல் எனக்குத் தெரிந்து வேறில்லை. வீட்டைச் சுற்றி வாழும் சாமானியப் பறவையும் அணிலும் வாழ்நாள் முழுவதும் கவனிக்கத் தகுந்தவை என்று எழுதிக் காட்டியவர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் அவர் தொடர்ந்து எழுதிய குறிப்புகளில் யானைக்கும் புலிக்கும் இருந்த மதிப்பு இவற்றுக்கும் இருந்தது.

தாழியிலிருந்து வழிந்த தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் நான் கண்ட காட்சியை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஆக்காட்டிப் பறவை ஒன்று உழவு காட்டின் நடுவே, கூடு என்று சொல்லத் தக்க எதுவும் இல்லாமல், சிறு கற்கள் சூழ்ந்த ஒரு குழியில் நான்கு முட்டைகள் இட்டிருந்தது. மண்ணின் நிறத்தில் கரும்புள்ளிகளோடு, கூரிய முனைகள் நான்கும் உள்நோக்கிச் சேர்ந்திருக்க, கையெட்டும் தூரத்தில் நின்றாலும் கண்ணுக்கு அகப்படாத வண்ணம் அவை கிடந்தன. அந்த வெயிலில் முட்டையைச் சூடேற்ற வேண்டிய அவசியம் இல்லை, குளிர்விப்பதே கடினம். பறவை ஓடி வந்தது. தேங்கிய தண்ணீரில் இறங்கி நின்று, வயிற்றை அமிழ்த்தி, இறகு நனையும் மட்டும் இப்படியும் அப்படியும் அசைந்தது. பின் சொட்டச் சொட்ட ஓடிப்போய் முட்டைகளின் மேல் அமர்ந்தது. சற்று நேரத்தில் அதன் ஜோடி வந்து இடம் மாற்றிக்கொண்டது. வெயில் தாழும் வரை இவ்வாறே இரண்டும் மாறி மாறி நீர் சுமந்தன. அன்றிலிருந்து தாழியை நிரப்பும்போது சிறிது வழிந்து ஓட விடுவதை வீண் என்று நான் கருதுவதில்லை.

எங்கள் நாய் மணி அந்தப் பக்கம் போனால் ஆக்காட்டிகள் இரண்டும் தலைக்கு மேல் பறந்து, கூக்குரலிட்டு, காதை உரசுவது போலப் பாய்ந்து விரட்டின. நாய் முட்டையைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். ஆதலால் குஞ்சு பொரிக்கும் வரை ஏறத்தாழ நான்கு வார காலம் மணியைப் பகலில் கட்டியே வைத்தோம். குஞ்சுகள் பொரித்த சற்று நேரத்துக்கெல்லாம் தாயின் பின்னே ஓடத் தொடங்கிவிட்டபடியால் அதன் பிறகு அந்த அளவுக்குக் கட்டுக்காவல் வேண்டியிருக்கவில்லை. நாயைக் கட்டிவைப்பது கொடுமை என்று சிலர் நினைக்கலாம். அதிகாலையிலும் பொழுதோடவும் தாராளமாக ஓடியாட விட்டு, நடுப்பகலில் நிழலில் நீண்ட கயிற்றில் கட்டினால், கோடையில் அதுவே நாய்க்கும் நன்மை. நாய்க்கு வியர்வை பாதத்தின் அடியில் மட்டுமே; நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது உடற்சூட்டை வெளியேற்ற முடியும். நண்பகலில் ஓடிய நாய் இரைப்பு நில்லாமல், எச்சில் வழிய, கால் தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுதும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். தாமதித்தால் உயிர் தங்காது.

பூனை விஷயம் வேறு. சித்திரையிலும் வைகாசியிலும் பறக்கப் பழகும் குஞ்சுகள் மரத்தடியில் தத்தித் திரியும். பள்ளி விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வரும் குழந்தைகள் அப்படி ஒரு குஞ்சைக் கண்டதும், அது அநாதை என்று இரக்கப்பட்டு வீட்டுக்குள் எடுத்து வந்து பாலும் சோறும் ஊட்டப் பார்க்கிறார்கள். குழந்தைகளின் அந்தக் கருணையை நான் மிகவும் மதிக்கிறேன். அதை நல்ல வழியில் திருப்ப வேண்டியது பெரியவர் கடமை. இறகு முளைத்த குஞ்சின் தாய் தகப்பன் சமீபத்திலேயே இருக்கும். குஞ்சைத் தாழ்ந்த கிளை ஒன்றில் வைத்துவிட்டுப் பூனையை அந்த இரண்டு மூன்று நாள் உள்ளே அடைத்துவிட்டால், வேறு எந்த உபகாரமும் அதற்குத் தேவையில்லை. கிளிக்குஞ்சைப் பொந்திலிருந்து எடுத்துக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் குழந்தைகளிடம் அப்போதே சொல்லிவிடலாம்.

உண்ணி பெருகுவதும் இந்தக் காலத்தில்தான். மாட்டின் முதுகில் கரிச்சான் அமர்ந்திருப்பதும், காலடியில் உண்ணிக்கொக்கு நடப்பதும், காதருகே மைனா கொத்துவதும் கொறங்காட்டில் எப்போதும் காணக் கூடியவை. கிளம்பும் பூச்சியையும் ஒட்டிய உண்ணியையும் அவை தீர்க்கின்றன. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஆறு மாத அளவில் மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்தச் செவலைப் பருவத்தில் காதின் உட்புறத்தையும் வாலடியையும் நாள்தோறும் விலக்கிப் பார்ப்பது நல்லது. நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தால் ஈறு வெளுத்து, தீனி மறுத்து, ஓரிரு வாரத்தில் இளைத்துவிடும். ஆகவே உண்ணி மருந்தை மருத்துவர் சொன்ன கெடுவில் தவறாமல் இட வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: நாய்க்கென விற்கும் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பொருள் இருக்கிறது; அது பூனைக்குக் கொடிய விஷம். நாய்க்கு இட்டதில் மிச்சத்தைப் பூனைக்குப் பூசுவதும், மருந்து இட்ட நாயோடு பூனையை அன்றிரவு ஒன்றாகப் படுக்க விடுவதும் ஆபத்தானவை.

பாம்பைப் பற்றி எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி சொன்ன வார்த்தையை நான் மறப்பதில்லை. வைக்கோல் போரின் அடியிலிருந்து நீளமாக ஒரு சாரை வெளிப்பட, ஆட்கள் தடியோடு ஓடி வந்தபோது, அந்த அம்மாள் நடுவே நின்றுகொண்டு, “அத அடிச்சராதீங்க கண்ணு. அது இருக்கங்காட்டித்தான் நம்ம மூட்டை மூட்டையா இருக்குது” என்றார். எலியைத் தின்று தானியத்தைக் காக்கும் சாரைக்கு விஷமில்லை. விஷமுள்ளவற்றில் உயிருக்குப் பெரும் ஆபத்து விளைவிப்பவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு. பாம்பைக் கண்டால் முதலில் நாயைப் பிடித்துக் கட்டுங்கள். கடிபடும் நாய்களுக்குப் பெரும்பாலும் மூக்கிலோ முன்னங்காலிலோ கடி விழுவது, அவை தாமே அருகில் போய் முகர்ந்தும் தட்டியும் பார்ப்பதனால்தான். கடிபட்டுவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், வாயால் உறிஞ்சாமல், நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். மேற்சொன்ன நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து நம் நாட்டில் செய்யப்படுகிறது. மனிதருக்கான அதே மருந்தைத்தான் பிராணிகளுக்கும் ஏற்றுகிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் 1978 முதல் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்தும் இருளர் மக்கள். விஷம் எடுத்த பாம்புகளை அவர்கள் கொல்லாமல் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கீரியோடு நாய் மல்லுக்கு நிற்பதும் கோடையில் நடக்கும். வெறிநோய் நாயிடம் மாத்திரம் இருப்பதன்று. கீரிக்கும் நரிக்கும் அது வரும். மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போதே நாய்க்குத் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தவறாமல் தொடர வேண்டும். நமக்குக் கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி இந்நோய்க்குத் தக்க சிகிச்சை கிட்டாமல் மாண்ட துயரத்தின் விளைவாகவே நமக்கு அண்மையில் உள்ள குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் எழுந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் அஞ்சிய காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில் போடும் நாலைந்து ஊசிகளோடு முடிந்துபோகிற காரியத்துக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைப்பவர்களை நினைத்தால் எனக்கு மிகுந்த வேதனை உண்டாகிறது.

மயில் இந்தப் பக்கங்களில் பெருகிவிட்டது. தக்காளியையும் நிலக்கடலை முளையையும் அது கொத்துவதால் குடியானவர்களுக்கு நேரும் நஷ்டம் உண்மையானது. அதை அலட்சியம் செய்து பேசுவது நியாயமன்று. முளை விட்டுப் பயிர் ஊன்றும் வரையில் வலை விரிப்பதும், நாயை வரப்பு ஓரமாக நடத்திக்கொண்டு போவதும் ஓரளவு பயன் தருகின்றன. ஆனால் விஷம் தடவிய தானியத்தைத் தூவுவது மகாபாதகம். மயிலோடு கௌதாரியும் புறாவும் சாகும். செத்ததை இழுத்து வரும் நாய் நம் வாசலிலேயே சாகும். எலி விஷமும் இத்தன்மையதே: விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பூனையும் கூகையும் சாரையும் எளிதில் பிடித்துவிடுகின்றன. எலியைத் தின்கிறவற்றை அழித்துவிட்டு எலியை ஒழிக்க எண்ணுவது எப்படிக் கூடும்? பொறி வையுங்கள், தானியத்தைத் தகரப் பீப்பாயில் போட்டு மூடுங்கள்.

மாட்டுக்குப் போடும் ஊசிக்கும் இதில் பங்கு உண்டு. வலி தீர மாட்டுக்குக் கொடுத்து வந்த டைக்ளோஃபெனாக் என்ற மருந்து, அந்த மாடு இறந்தபின் அதன் இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாடெங்கும் அவற்றை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோயிற்று. 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள்; 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றையும் தடை செய்தார்கள். தென்னாட்டில் எஞ்சிய கழுகுகளில் பெரும்பகுதி சத்தியமங்கலத்துக்கு மேற்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கை அண்டியே வாழ்கின்றன. மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மெலாக்சிகாம் போன்ற கழுகுக்குத் தீங்கில்லாத மருந்தைப் போடச் சொல்வது மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவராலும் ஆகக் கூடிய காரியம்.

கிணற்றைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை; பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் இல்லை. தண்ணீர் மணம் பிடித்து வந்து இரவில் விழும் மரநாயும் கீரியும் முயலும் நீந்தி நீந்திக் களைத்து இறந்துபோகின்றன. மேலே வலை கட்டுவது எல்லோருக்கும் முடியாது. முடிச்சுப் போட்ட தடித்த தேங்காய்நார்க் கயிறு ஒன்றைத் தண்ணீர் மட்டம் வரைக்கும் தொங்கவிட்டு, அதன் அடியில் பழைய டயரையோ மரக்கிளையையோ மிதக்கக் கட்டி வைக்கலாம். ஏற முடிந்தது ஏறிவிடும், முடியாதது விடியும் வரை அதன் மேல் தங்கியிருக்கும். நீர் மட்டம் இறங்க இறங்கக் கயிற்றையும் நீட்டிவிட வேண்டும். காலையில் மோட்டார் போடுவதற்கு முன் ஒருமுறை எட்டிப் பார்ப்பதைப் பழக்கமாகக் கொள்ளுங்கள்.

கத்திரி வெயில் நடுவே ஒரு நாள் மாலை இடி இடித்துக் கோடை மழை கொட்டிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. அன்றிரவே ஈசல் கிளம்பும். ஈசலைத் தேடித் தேரை வரும். தேரையைத் தேடிப் பாம்பு வரும். தேளும் வளையை விட்டு வெளியேறும். வாசல் விளக்கை அந்த இரவுகளில் அணைத்துவிடுவது நல்லது. நாய் தேரையைக் கவ்விவிட்டு நுரை தள்ளினால் வாயைப் பக்கவாட்டில் சாய்த்துத் தண்ணீர் விட்டு நன்றாக அலச வேண்டும். கட்டுவிரியன் தரையில் உறங்குகிறவரைத் தேடி வந்தது போல வந்து கடிக்கும் பாம்பாகையால், எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் வெறுந்தரையில் பாய் விரிக்காமல் கட்டிலும் கொசுவலையும் கொள்ள வேண்டும். கட்டுத்தறிக்குப் போகிறவர் கையில் டார்ச் விளக்கும் காலில் செருப்பும் இருக்க வேண்டும். மழை பெய்துவிட்டதே என்று தண்ணீர்த் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். ஓரிரு மழையில் குட்டையில் தேங்கிய நீர் மூன்றாம் நாள் வெயிலுக்கே வற்றிவிடும். ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கி, கிளுவை மீண்டும் தளிர் விடும் வரையிலாவது தட்டு அதே இடத்தில் இருக்கட்டும்.